அண்ணி விட்டுவைத்த இடம்

அலுவலகத்தில் அவனுக்கு அரைப்புள்ளி என்று பெயர். அவன் எழுதும் ஒவ்வொரு வரியும் அரைப்புள்ளியில்தான் முடியும். முடியாவிட்டால் கம்ப்யூட்டர் ஏற்காது என்பது ஒரு காரணம். ஏற்றாலும் அவன் விடமாட்டான் என்பது இன்னொரு காரணம். வீட்டில் கடைக்கு எழுதிக் கொடுக்கும் சீட்டில்கூட சோப்புக்குப் பின்னால் ஒன்று, பற்பசைக்குப் பின்னால் ஒன்று என்று போட்டால்தான் அவன் கை ஓயும்.

எதிர் மேசையில் அண்ணி. சொந்த அண்ணனின் மனைவி. வயதில் அவனைவிட நான்கு மாதம் இளையவள், உறவில் மூத்தவள். அதனால் அவள் அவனைத் தம்பி என்பாள், அவன் அவளை அண்ணி என்பான். அவன் கூப்பிட்டுக் கூப்பிட்டு அது ஒட்டிக்கொண்டு, அலுவலகத்தின் பதினோரு பேருக்கும் அவள் அண்ணியாகிவிட்டாள். ஓய்வு பெற இரண்டு வருடமே பாக்கியுள்ள மேனேஜரும் அண்ணி என்றுதான் கூப்பிட்டார். இதில் அண்ணனுக்கு மட்டும் கொஞ்சம் மனத்தாங்கல். நான் கட்டியது ஒரு கல்யாணம், எனக்கு இத்தனை தம்பிகள் எங்கிருந்து வந்தார்கள் என்று கேட்டான்.

அவர்கள் வேலை, நோயாளியின் ரத்தக்குழாயில் மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றும் ஒரு சின்ன இயந்திரத்தைப் பற்றியது. இயந்திரத்தை வேறு யாரோ செய்தார்கள். அதன் புத்தியைச் செய்வது இவர்கள். அந்தப் புத்தியையும் எடுத்த எடுப்பில் நிரலாக எழுதுவதில்லை. முதலில் ஒரு மாதிரி. இயந்திரம் எந்தெந்த நிலைகளில் இருக்கலாம், என்ன நடந்தால் ஒரு நிலையிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் என்று மட்டும் சொல்லும் மாதிரி. அதைச் சரியாகச் சொல்லிவிட்டால் மீதி நிரலைக் கம்ப்யூட்டரே எழுதிக்கொள்ளும். தப்பாகச் சொன்னால் அந்தத் தப்பையும் அச்சுப் பிசகாமல் எழுதிக்கொள்ளும்.

மாதிரியை இரண்டு விதமாகச் சொல்லலாம். திரையின் இடது பாதியில் எழுத்து: ஓட்டம், மருந்து தீர்ந்தால் நிறுத்தம், என்று வரிவரியாக. வலது பாதியில் படம்: ஓட்டம் ஒரு கட்டம், நிறுத்தம் ஒரு கட்டம், நடுவில் ஓர் அம்பு. எழுத்தில் ஒரு வரி சேர்த்தால் படத்தில் கட்டம் முளைக்கும். படத்தில் ஓர் அம்பை அழித்தால் எழுத்தில் ஒரு வரி போகும். எழுத்துப் பாதி அவன் செய்தது. படத்தைச் செய்து, அதை எழுத்தோடு ஒட்டவைத்தது அண்ணி. இரண்டு வருட வேலை. இரண்டையும் ஒட்டவைப்பது லேசுப்பட்ட காரியமில்லை என்று எல்லோருக்கும் தெரியும், அண்ணி சொல்லிக்காட்டியதில்லை என்பதால் அவ்வப்போது மறந்துபோகும்.

அந்த மாதம் மேனேஜருக்கு மறந்துபோனது. இரண்டு பாதியைப் பராமரிக்க இரண்டு மடங்கு ஆள் எதற்கு, எழுத்து மட்டும் போதாதா என்று கிளப்பினார். படத்தை எடுத்துவிட்டால் அண்ணியை இயந்திரத்தோடு கொடுக்கும் கையேட்டுப் பிரிவுக்கு மாற்றுவதாகவும் ஏற்பாடு. பொத்தானைப் படம் வரைந்து, அதற்குக் கீழே "இது பொத்தான்" என்று எழுதும் பிரிவு அது. அரைப்புள்ளியிடம் ஒரு பக்கத்தில் கருத்து கேட்டார். அவன் ஒரு வரியில் கொடுத்தான்: படத்தில் இருப்பதெல்லாம் எழுத்திலும் இருக்கிறது; எழுத்தில் இல்லாத எதுவும் படத்தில் இல்லை;

எழுதிவிட்டு அவனே அண்ணியிடம் சொல்லிவிட்டான். முதுகுக்குப் பின்னால் எழுதினான் என்று ஆகிவிடக்கூடாதே.

"உனக்கு உண்மைன்னு படுறதை எழுதினே. அதுக்கு ஏன் மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்கிறே?" என்றாள் அண்ணி. அத்தோடு விட்டாள். அவனுக்குத்தான் இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை.

ஆனால் அவன் எழுதியது அவனைப் பொறுத்தவரை சத்தியம். அதற்கு அவனிடம் ஆதாரமும் இருந்தது. கட்டங்கள் திரையில் எங்கெங்கே நிற்கின்றன என்பதை அண்ணியின் படப்பாதி ஒரு தனிக் கோப்பில் வைத்திருந்தது. இடக்கோப்பு என்பார்கள். அண்ணி ஒரு கட்டத்தை விரற்கடை அளவு நகர்த்தினாலும் போதும், இடக்கோப்பு மாறியது என்று அவனுடைய மாற்றப் பட்டியலில் வந்து நிற்கும். மாற்றம் ஒவ்வொன்றுக்கும் "காரணம்" என்று ஒரு கட்டத்தை நிரப்பியாக வேண்டும். அண்ணி அதை வெறுமனே விட்டுவிடுவாள். வாராவாரம் அரைப்புள்ளி உட்கார்ந்து "காரணம் இல்லை;" என்று நிரப்புவான். நாற்பத்தேழு முறை நிரப்பினான். நாற்பத்தெட்டாவது முறை பொறுமை போய், பழைய பிரதிகளைச் சேர்த்துவைக்கும் களஞ்சியத்தில் இனி இடக்கோப்பைச் சேர்க்க வேண்டாம் என்று கட்டளை போட்டுவிட்டான். அண்ணியிடமும் கேட்டான். நம்ம கம்ப்யூட்டரில் இருந்தால் போதும், களஞ்சியம் எதற்கு என்று அவளும் சரி என்றாள். அதிலிருந்து மாற்றப் பட்டியல் கண்ணாடிபோல் இருந்தது.

வியாழக்கிழமை காலை ஆஸ்பத்திரியிலிருந்து தலைமை நர்ஸ் வருவதாக இருந்தது. மாதிரியைப் பார்த்து, வார்டில் நடப்பது இப்படித்தான் என்று அவர் கையெழுத்துப் போட்டால் அடுத்த வாரம் சோதனைக்குப் போகும். அதே கூட்டத்தில் படப்பாதியின் தலையெழுத்தையும் முடித்துவிடலாம் என்று மேனேஜர் சொல்லியிருந்தார்.

வியாழன் அரைப்புள்ளிக்குத் துப்புரவு நாளும்கூட. எட்டு மணிக்கே வந்து எழுத்தைத் துலக்குவான். கோணலான வரியை நேராக்குவான், கூடுதல் இடைவெளியை எடுப்பான், வெற்று வரிகளைத் துடைப்பான். அன்றைக்கு முடித்துவிட்டு நிமிர்ந்தபோது வலது பாதி கண்ணில் பட்டது. பார்க்கச் சகிக்கவில்லை. பதினெட்டுக் கட்டங்களில் பதிமூன்று இடது ஓரத்தில் முண்டியடித்துக்கொண்டு நின்றன. மூன்று மேலே தனியாக. இரண்டு வலது மூலையில் கோபித்துக்கொண்டு போனதுபோல. நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒன்றுமே இல்லை. இதைப் பார்த்தால் மேனேஜர் முதல் நிமிடமே படத்துக்குச் சீட்டுக் கிழித்துவிடுவார்.

அவனுக்கு மனசு கேட்கவில்லை. தான் எழுதியதுதான் எழுதியாயிற்று, அண்ணியின் படம் கடைசி நாளிலாவது லட்சணமாக நிற்கட்டும் என்று தோன்றியது. திரையின் மேல்பட்டியில் "சீராக்கு" என்று ஒரு பொத்தான் இருந்தது. அண்ணி செய்த பொத்தான்தான், அவள் அதைத் தொட்டு அவன் பார்த்ததில்லை. அழுத்தினான். கட்டங்கள் வழுக்கிக்கொண்டு ஓடி, மூன்று வரிசையில் ஆறு ஆறாக, பள்ளிக்கூடப் பிள்ளைகள்போல் நின்றன. அம்புகள் நேராயின. கீழே "மாற்றம் ஏதுமில்லை" என்று வந்தது. திருப்தியோடு சேமித்துவிட்டு, கம்ப்யூட்டரை ஒருமுறை அணைத்து ஏற்றிவிட்டு, காபி எடுக்கப் போனான்.

திரும்பி வந்தபோது அண்ணி கைப்பையைத் தோளிலிருந்து இறக்காமல் திரைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள்.

"தம்பி, இதை யாரு பண்ணினது?"

"நான்தான் அண்ணி. நல்லா இருக்கில்ல?"

"நல்லா பண்ணீங்க."

அண்ணி எப்போதும் அவனை நீ, வா, போ என்பாள். கோபம் வந்தால் மரியாதை கூடும்.

"ஒண்ணும் மாறலையே அண்ணி. பதினெட்டுக் கட்டம் இருந்துச்சு, பதினெட்டு இருக்கு. முப்பத்தொரு அம்பு, எண்ணிப் பாருங்க. மெஷினே மாற்றம் இல்லைன்னு சொல்லுது."

"மெஷின் சொல்லும். நடுவுல ஒரு இடம் இருந்ததே, அது எங்க?"

"எந்த இடம்? அங்க ஒண்ணுமே இல்லையே."

"அந்த ஒண்ணுமில்லாததைத்தான் கேக்குறேன்."

அண்ணி பையை இறக்கிவைத்துவிட்டுச் சொன்னாள். போன மாதம் மூன்று மத்தியானம் அவள் வார்டில் போய் உட்கார்ந்திருந்தாள். நர்ஸுக்கு எழுத்துப் பாதி தலைகீழாகப் பிடித்த புத்தகம் மாதிரி. படத்தைக் காட்டியதும், கொடுங்க என்று மௌஸை வாங்கிக்கொண்டார். கட்டங்களை அவரே இழுத்து இழுத்து வைத்தார். படுக்கைப் பக்கம் நின்று செய்வதெல்லாம் இடது ஓரம். மேசையிலிருந்து செய்வது மேலே. ஓடிப்போய்ச் செய்வது வலது மூலை. கடைசி நாள் இரண்டு கட்டங்களைத் தள்ளித் தள்ளி வைத்துவிட்டு, இதுக்கு நடுவுல ஒண்ணு இருக்கு, எப்படிச் சொல்றதுன்னு தெரியலை, யோசிச்சு வந்து சொல்றேன், இடம் விட்டு வைங்க என்றார். அதற்குள் யாரோ கூப்பிட, ஓடிவிட்டார்.

"எந்த ரெண்டு கட்டம்?"

"அதைத்தான் இவ்வளவு நேரமா நெனச்சுப் பாக்குறேன். படம் கண்ணுல இருக்குன்னு குறிச்சு வைக்கலை. அவங்க வச்சதை நான் அப்புறம் தொடவே இல்லை, தம்பி."

"அணைச்சு ஏத்திட்டேன், இனி பின்னால போக முடியாது. பழைய பிரதியைக் களஞ்சியத்துல..." என்று ஆரம்பித்தவன் பாதியில் நிறுத்தினான். களஞ்சியத்தில் இடக்கோப்பு இல்லை. மூன்று மாதமாக இல்லை. சேர்க்காதே என்று சொன்னது அவனேதான். சொந்தச் செலவில் சூனியம் என்பார்களே, அது அவனுக்கு அன்று பத்து மணிக்கு விளங்கியது. காபியை வைக்க இடம் தேடினான். மேசை முழுக்க இடம்தான், கண்ணுக்குத்தான் தெரியவில்லை.

நர்ஸ் சொன்ன நேரத்துக்கு வந்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தபடியே உட்கார்ந்தார். பெரிய திரையில் படம் வந்தது.

"அடேயப்பா, சுத்தமா இருக்கே. முடிச்சிட்டீங்களா?" என்றார்.

மேனேஜருக்கு மகிழ்ச்சி. அவர் எப்போதும் சொல்லும் வார்த்தை ஒன்று உண்டு, சுருக்கமா சொல்லு. அன்று அவரே சுருக்கமாக, "பாத்துட்டு ஒரு கையெழுத்து" என்று தாளை நகர்த்தினார்.

நர்ஸ் கட்டங்களை ஒவ்வொன்றாகப் படித்தார். எல்லாம் சரி. அம்புகளைப் பார்த்தார். அதுவும் சரி. பேனாவைத் திறந்தார்.

"அக்கா, ஒரு நிமிஷம்," என்றாள் அண்ணி. "ஒரு இடம் விட்டு வைக்கச் சொன்னீங்களே?"

"ஆமா, சொன்னேன். அதை நீங்களே கண்டுபிடிச்சுப் போட்டுட்டீங்கன்னு நெனச்சேன். வரிசையா நிக்குதே."

"இல்லைக்கா, போடலை. எங்கன்னு ஞாபகம் இருக்கா?"

நர்ஸ் திரையை உற்றுப் பார்த்தார். "இதுல எனக்கு வழி தெரியலைம்மா. அன்னைக்கு வச்சது என் வார்டு மாதிரி இருந்துச்சு. இது வேற யார் வீடோ மாதிரி இருக்கு."

மேனேஜர் சிரித்தார். "காணாமப் போனது ஒரு வெற்றிடம். யார்கிட்ட புகார் கொடுக்கிறது?" பிறகு அரைப்புள்ளியின் பக்கம் திரும்பினார். "நீ சொல்லுப்பா. சுருக்கமா. எழுத்துல ஏதாவது குறையுதா?"

குறையவில்லை. ஒரு வரிகூடக் குறையவில்லை. அந்த வார்த்தையை மட்டும் சொன்னால் போதும், அவன் எழுதிக் கொடுத்தது நிலைக்கும், கையெழுத்தும் விழும், கூட்டம் பத்து நிமிடத்தில் கலையும். பொய்யும் இல்லை. அண்ணி அவனைப் பார்க்கவில்லை, திரையில் எதையோ தேடிக்கொண்டிருந்தாள். அவனுக்கு வெட்கமாக இருந்தது. அண்ணிக்கு நல்லது செய்கிறேன் என்று போய், அவள் காப்பாற்றி வைத்திருந்த ஒன்றைத் துடைத்துவிட்டு, அது இருந்ததே இல்லை என்று வேறு சொல்வதா?

"எழுத்துல குறையலை சார். படத்துல குறையுது. நான்தான் காலையில கலைச்சிட்டேன்," என்றான். "கத்தரிக்கோல் கிடைக்குமா?"

படத்தை அச்செடுத்தான். பதினெட்டுக் கட்டங்களையும் தனித்தனியாக வெட்டினான். பதற்றத்தில் ஒன்றிரண்டு கோணலாயின; வாழ்க்கையில் முதல்முறையாக அதை அப்படியே விட்டான். எல்லாவற்றையும் நர்ஸின் முன்னால் கொட்டினான்.

"உங்க வார்டா நெனச்சு வைங்கக்கா."

கைக்கடிகாரம் மறந்துபோனது. நர்ஸ் எழுந்து நின்று வைக்க ஆரம்பித்தார். இது படுக்கைப் பக்கம். இது மேசை. இது ஓடணும். கை யோசிக்கவில்லை, தானாகப் போனது. அடைப்பு என்ற சீட்டை வைத்தார். ஓட்டம் என்ற சீட்டை எடுத்து அதன் பக்கத்தில் வைக்கப் போய், நடுவில் நிறுத்தி, ஒரு சாண் தள்ளி வைத்தார்.

"இங்கதான்," என்றாள் அண்ணி.

"இங்கதான்," என்றார் நர்ஸ். "ஆனா என்னன்னு கேட்டா இப்பவும் சொல்லத் தெரியலை."

எல்லோரும் மேசையின் அந்த ஒரு சாண் மரத்தைப் பார்த்தார்கள். அண்ணியின் வேலை அங்கே முடிந்தது. இடத்தைக் காட்ட முடியும், அதற்குள் இருப்பதைப் படம் சொல்லாது. அரைப்புள்ளி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு நர்ஸின் எதிரில் உட்கார்ந்தான். ஒவ்வொரு வரிக்கும் முன்னால் எது, பின்னால் எது என்று கேட்டுக் கேட்டே பிழைத்தவன் அவன்.

"அடைப்பு வந்துருச்சு. மெஷின் கத்துது. நீங்க போறீங்க. அப்புறம்?"

"குழாய் மடங்கியிருக்கும். நிமித்துவேன்."

"நிமித்தியாச்சு. மெஷின்ல 'தொடர்'னு பொத்தான் இருக்கு. அழுத்துறீங்களா?"

"இல்ல."

"உடனே அழுத்த மாட்டீங்களா? எங்க எழுத்துல உடனேதான் ஓடுது. இந்தக் கை அப்ப என்ன பண்ணும்?"

நர்ஸ் தன் வலது கையைப் பார்த்தார். கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் தானாக எதையோ கிள்ளிப் பிடித்தன. "கிளிப்பைப் போடும்," என்றார் மெதுவாக. "நிமித்துறதுக்கு முன்னாடியே, குழாயில நோயாளி பக்கத்துக் கிளிப்பை மூடும். அப்புறம் நிமித்தி, குழாயோட இணைப்பைக் கழட்டி, பஞ்சுல கொஞ்சம் சொட்ட விடும். திரும்ப மாட்டிட்டு, அப்புறம்தான் கிளிப்பைத் திறந்து, தொடர்."

"ஏன்?"

"அடைச்சதுலேர்ந்து கத்துற வரைக்கும் மெஷின் தள்ளிக்கிட்டேதான இருந்திருக்கும்? அந்த மருந்தெல்லாம் உள்ள முட்டிக்கிட்டு நிக்கும். அடைப்பை எடுத்ததும் மொத்தமா ஒரே பாய்ச்சலா உடம்புக்குள்ள போயிரும். பெரிய ஆள்னா தலை சுத்தும். பச்சைக் குழந்தைன்னா உயிருக்கே ஆபத்து. எனக்குக் கை தன்னால போகும். புதுசா வர்ற பொண்ணுக்குப் போகாது. மெஷின் தொடர்னு சொன்னா அவ தொடர்னு அழுத்துவா."

மேனேஜர் தன் முன்னால் இருந்த கையெழுத்துத் தாளை மெல்லத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

அரைப்புள்ளி மடிக்கணினியைத் திறந்தான். அடைப்பு வந்தால் அழுத்தம் இறக்கு, கிளிப் மூடி, அடைப்பு நீக்கி, சொட்டவிட்டு, உறுதி செய்த பிறகே ஓட்டம், என்று எழுதினான். நர்ஸ் சொல்லச் சொல்ல இரண்டு இடத்தில் திருத்தினான். பெரிய திரையில், வலது பாதியில், புதிதாக ஒரு கட்டம் முளைத்தது. ஆறு ஆறாக நின்ற வரிசைக்கு வெளியே, இடம் தெரியாமல் ஓரத்தில் நின்றது. அண்ணி எழுந்து போய், மேசையில் இருந்த சீட்டுகளைப் பார்த்துப் பார்த்துப் பதினெட்டுக் கட்டங்களையும் பழையபடி நகர்த்தினாள். கடைசியாகப் புதுக் கட்டத்தை எடுத்து நடுவில் வைத்தாள். அளவெடுத்துத் தைத்ததுபோல் உட்கார்ந்தது.

"இப்ப என் வார்டு," என்றார் நர்ஸ். ஆனாலும் அன்றைக்குக் கையெழுத்துப் போடவில்லை. இன்னும் இரண்டு இடத்தில் சந்தேகமாக இருக்கிறது, வார்டுக்கு வாருங்கள், நின்று பார்த்துச் சொல்கிறேன் என்று கிளம்பினார்.

அவர் போனதும் மேனேஜர் கோப்பிலிருந்து அரைப்புள்ளியின் ஒரு வரிக் கருத்தை வெளியே எடுத்தார். "இதை என்ன பண்ணட்டும்?"

அவன் அதை வாங்கி, இரண்டாவது பாதியைப் பேனாவால் அடித்தான். "முதல் பாதி சரி சார். இது தப்பு. எங்களுக்கு எது இன்னும் தெரியலைங்கிறது படத்துல இருந்துச்சு. எழுத்துல அதுக்கு வார்த்தையே நான் வைக்கலை."

"சுருக்கமா சொல்லுப்பா. படம் இருக்கணுமா, வேண்டாமா?"

"இருக்கணும் சார்;" என்றான். அரைப்புள்ளி எல்லோர் காதிலும் விழுந்தது. மேனேஜர் அண்ணியைப் பார்த்து, கையேட்டுப் பிரிவுக்கு வேற ஆள் பாக்கணும் போல என்று சொல்லிக்கொண்டே எழுந்து போனார்.

மேசையில் கிடந்த சீட்டுகளை அண்ணி ஓர் உறையில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"தப்பு என்மேலயும் இருக்கு தம்பி," என்றாள். "ரெண்டு வருஷமா நகர்த்துறேனே, ஏன் நகர்த்துறேன்னு ஒரு தடவையாவது எழுதியிருக்கலாம். நீ கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

"கேட்டிருக்கணும் அண்ணி."

"சரி விடு. காபி ஆறிப் போயிருக்கும், வேற எடுத்துக்க." மரியாதை குறைந்துவிட்டது. அவனுக்கு அப்பாடா என்றிருந்தது.

அடுத்த வாரத்துக்குள் எழுத்துப் பாதியில் ஒரு புதுச் சொல் சேர்ந்தது: தெரியாது. எந்த இரண்டு நிலைகளுக்கு நடுவிலும் அதைப் போடலாம். போட்டால் படத்தில் புள்ளிக்கோட்டுக்குள் ஒரு வெறும் இடம் வரும். சீராக்கு பொத்தான் அதைத் தொடாது, அதை நிரப்பாமல் மாதிரி சோதனைக்கும் போகாது. அந்தப் புள்ளிக்கோட்டை அண்ணி வரைந்தாள். வார்டில் போய் நின்றுவிட்டு வந்த அன்று அவர்கள் மூன்று இடத்தில் தெரியாது போட்டார்கள். நர்ஸ் சந்தேகப்பட்டது இரண்டு. மூன்றாவது அரைப்புள்ளியே கண்டுபிடித்தது. அதைச் சொல்லி இரண்டு நாள் பெருமையடித்துக்கொண்டான்.

அடுத்து வந்த வியாழக்கிழமை காலை எட்டு மணிக்குத் துப்புரவுக்கு உட்கார்ந்தான். களஞ்சியத்துக்குப் போட்டிருந்த பழைய கட்டளையை அவன் எடுத்துவிட்டிருந்ததால் மாற்றப் பட்டியலில் இடக்கோப்பு மறுபடி வந்து நின்றது. ஒரே ஒரு மாற்றம். அபாய ஒலி என்ற கட்டம் விரற்கடை அளவு வலது பக்கம் போயிருந்தது. காரணம் என்ற கட்டம் வழக்கம்போல் வெறுமை. ஒரு தடவையாவது எழுதியிருக்கலாம் என்று சொன்ன அதே அண்ணிதான்.

நிமிர்ந்து பார்த்தான். எதிர் மேசையில் அண்ணி போனில் அண்ணனோடு எதற்கோ வாதாடிக்கொண்டிருந்தாள். பேச்சு இப்போதைக்கு முடியாது போலிருந்தது. பிறகு கேட்டுக்கொள்ளலாம் என்று, காரணத்துக்கான கட்டத்தில் "காரணம் இருக்கும்;" என்று எழுதிச் சேமித்தான்.